அந்த உப்பு இல்லை

ஜூன் 9, வெள்ளி

சுக்கான் இன்று காலை பக்கத்து வீட்டு மரியநேசத்தின் வாசற்படியில் வாந்தி எடுத்தான். அதுவும் அவள் பால் வாங்கக் கதவைத் திறந்து முதல் காலை வைக்கும் இடமாகப் பார்த்து. பதினோரு வயதிலும் குறி தப்பாத நாய்.

"ஏக்கா, ஒங்க நாய்க்குக் கக்குததுக்கு எங்க வாசல விட்டா வேற எடமே கெடைக்கலியா?"

"கருவாட்டு மண்டையப் போட்டு அவனக் கொஞ்சுதது யாரு? தின்ன எடத்துலதான கக்குவான்."

வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். முதல் நிமிடத்திலேயே இறங்கிப் போனால் அப்புறம் முழு ஆட்டமும் போய்விடும்.

பணி ஓய்வு அன்று கொடுத்த டைரி இது. இத்தனை நாள் பருப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. சுக்கானுக்கு எப்போது வாந்தி, எப்போது சாப்பாடு என்று எழுதிவைத்தால் டாக்டரிடம் சொல்ல வசதியாக இருக்கும் என்று எடுத்திருக்கிறேன். வேறு ரகசியம் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

தண்ணீர் நிறையக் குடிக்கிறான். வைத்த சட்டி வைத்த சுருக்கில் காலி. என் வீட்டுக்காரரும் அப்படித்தான், சொம்பும் கையுமாக அலைகிறார். வெயில் அப்படி அடிக்கிறது.

ஜூன் 12, திங்கள்

சோறு தொடவில்லை. மீன் தொடவில்லை. வாயில் ஒரு நாற்றம். சாயங்காலம் இவர் கையால் கொடுத்த முந்திரி மக்ரூனை மட்டும் தின்றான். தின்று முடித்து என்னைப் பார்த்த பார்வையில் ஒரு திமிர். தூத்துக்குடி நாய்க்கு மக்ரூன் மேல் ஆசை இருப்பதில் தப்பில்லை. ஆனால் நான் ஊட்டினால் மூஞ்சியைத் திருப்புகிறவன், அவர் ஊட்டினால் மட்டும் வாயைத் திறக்கிறான்.

இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பெயர் தொபியாஸ். வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள், கேட்டருகே கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். இடது பக்கம் திரும்புமுன் அதன் வால் இடது பக்கம் திரும்பும். கப்பலைத் திருப்பும் சுக்கான் மாதிரி இருக்கிறது என்று அந்தப் பெயரையே வைத்தார். அன்றிலிருந்து அவன் அவருடைய நாய். சோறு போடுவதும் குளிப்பாட்டுவதும் மட்டும் என் வேலை.

மெடிக்கலில் இவருக்கு முட்டி வலிக்கு வழக்கமான செட் வாங்கி வந்தேன். செருப்பு இறுக்குகிறது என்றார். துவைக்கிற கல்லில் வைத்து நாலு தட்டுத் தட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் இளகியிருக்கிறது.

ஜூன் 14, புதன்

நேற்று ஆட்டோவில் தூக்கிப் போய் ரத்தம் எடுத்துக் கொடுத்தோம். இன்று முடிவு வந்துவிட்டது.

டாக்டர் பெயர் கோகிலவாணி. நாமக்கல் பக்கத்துப் பெண். வயது முப்பதுகூட இருக்காது. பேச்சில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடியாது. நேற்று ஊசி போடும்போது சுக்கான் அவளைக் கடிக்கவில்லை, அந்த ஒன்றுக்காகவே அவளை எனக்குப் பிடித்திருந்தது. அவன் இவருடைய இரண்டு முட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து, இடது முன்னங்காலைத் தூக்கி இவர் மடியில் வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஊசியைப் பார்க்கவில்லை. எடுத்து முடிந்ததும் காலை வாங்கிக்கொண்டான்.

இன்று நான் மட்டும் உள்ளே போனேன். நேற்று ஏறிய வலியே போகவில்லை, மறுபடி படி ஏற முடியாது என்று இவர் ஆட்டோவிலேயே இருந்துவிட்டார்.

"கிட்னி போயிட்டு இருக்குங்க டீச்சர். ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சு. ஆறு புள்ளி ஒண்ணு. ஒன்றரைக்கு மேல இருக்கக் கூடாதுங்க."

அப்புறம் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி வரிசையாகக் கேட்டாள். எலி நடமாட்டம் உண்டா, எலி மூத்திரம் பட்ட தண்ணியைக் குடித்தானா? இல்லை. உண்ணிக் காய்ச்சல் வந்ததா? இல்லை. திராட்சை, கிஸ்மிஸ் தின்பானா? நாங்களே தின்பதில்லை.

"மனுஷங்க சாப்பிடற வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"நாங்க என்ன பைத்தியமா டாக்டர்?"

"சரிங்க. வயசும் ஆயிடுச்சு. வயசான நாய்க்கு இது வரும்."

வெளியே வந்ததும் இவரிடம் சொன்னேன். "உப்பாம்." இவர் சுக்கானின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். வீடு வருகிற வரை இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். இந்த ஊரில் பிறந்தவளிடம் வந்து உப்பு அதிகம் என்கிறாள் நாமக்கல்காரி. கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 15, வியாழன்

யார் மேல் என்று தெரிந்துவிட்டது. மரியநேசம் மேல்.

"இனிமே எங்க நாய்க்கு ஒரு கருவாட்டுத் துண்டு போட்டே, பாத்துக்க. ஒன் கருவாட்டு உப்புதான் அவன் கிட்னியக் கெடுத்திருக்கு."

"நானா? பாவம், வாலாட்டுதேன்னு ஒரு மண்டையப் போடுதேன். அதுக்கு இப்படியா?"

"வாலாட்டத்தான் செய்வான். அதுக்காக வெஷத்த வைப்பியா?"

வெஷம் என்ற சொல்லை நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று இவர் சொல்கிறார். சொல்லியாகிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் கண்ணைத் துடைக்க யாரும் இல்லாததால் நான் தெருவிலேயே நின்றேன்.

இன்று முதல் இந்த வீட்டில் உப்பு கிடையாது. உப்பு ஜாடி, ஊறுகாய் ஜாடி, அப்பளம், கருவாட்டு டப்பா எல்லாம் பரணுக்குப் போயின.

ஜூன் 18, ஞாயிறு

"ஏளா, குழம்புல உப்பப் போட மறந்துட்டியா?"

"மறக்கல. நிறுத்திட்டேன்."

"நாய்க்குத்தான உப்பு கூடியிருக்கு?"

"அவனுக்கு ஒரு ஒல, ஒங்களுக்கு ஒரு ஒலன்னு வைக்க நான் என்ன ஓட்டலா நடத்துதேன்?"

இவர் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். உப்பு போட்டாலும் போடாவிட்டாலும் வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரிதான் இருக்கிறது, பசிக்கவே இல்லை என்றார். நோன்பு இருக்கிற நாய்க்குத் துணையாக மனுஷனும் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

சுக்கானுக்கு வீட்டிலேயே டிரிப் போடப் பழகிவிட்டேன். நரம்பில் இல்லை. முதுகுத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதற்கு அடியில் ஊசியைச் செருக வேண்டும். தண்ணீர் இறங்கி அங்கேயே ஒரு மூட்டை மாதிரி நிற்கும், பிறகு உடம்பு இழுத்துக்கொள்ளும். மாதா படத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த ஆணியில் டிரிப் பாட்டிலை மாட்டியிருக்கிறேன். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்தாலும் சொல்வதற்கு என்னிடம் பதில் உண்டு.

சுக்கான் அசையாமல் நிற்கிறான். இவர் பிடித்துக்கொண்டால் போதும்.

ஜூன் 21, புதன்

வாந்தி இரண்டு தடவை. மக்ரூன் மட்டும் இறங்கியது.

ஜூன் 24, சனி

மஸ்கட்டிலிருந்து மகன் பேசினான். "அம்மா, அவனக் கஷ்டப்படுத்தாதீங்க. ஒரு ஊசியில முடிஞ்சிரும். நான் வரும்போது நல்ல ஜாதி நாயா ஒண்ணு வாங்கித் தாரேன்."

"ஒனக்கு டைபாய்டு வந்தப்ப நான் ஜாதிப் பிள்ளையா ஒண்ணு வாங்கிக்கிட்டேனா?"

போனை வைத்துவிட்டான்.

கோகிலவாணியும் அதையே வேறு மாதிரி சொன்னாள். "அவன் ரொம்ப முடியாமப் போனா, நீங்கதான் முடிவு பண்ணணுங்க." முடிவு பண்ணத்தான் செய்வேன். ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊதுகிறவள் நான். வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் யாரும் ஊத முடியாது. அந்த விசில் இன்னும் சமையலறைக் கதவில்தான் தொங்குகிறது. சுக்கான் இன்று காலையும் தானாக எழுந்து வெளியே போய், மாமரத்தடியில் காலைத் தூக்கினான். பின்னங்கால் நடுங்கியது, ஆனாலும் தூக்கினான். காலைத் தூக்குகிற நாய்க்கு நான் ஊசி போட விட மாட்டேன்.

பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 28, புதன்

ஏழு புள்ளி நாலு.

கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. வெளியே இரண்டு ஆட்டுக்காரர்களும் ஒரு பூனையும் காத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினேன்.

"ரெண்டு வாரமா எங்க வீட்டுல ஒரு பொட்டு உப்பு கெடையாது டாக்டர். அவனுக்கு இல்ல, எங்களுக்கும் இல்ல. மனுஷன் சோத்தத் தொட மாட்டேங்காக. பெறகு எங்கேந்து ஏறுது ஒங்க உப்பு?"

கோகிலவாணி என்னைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை அவளுக்கு. அப்புறம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ டீச்சர். அந்த உப்பு இல்லைங்க."

"வேற எந்த உப்பு?"

"கிரியேட்டினின்னு பேருங்க. உடம்புல சேர்ற கழிவு. கிட்னி அதை வெளிய தள்ளோணும். கிட்னி ஓய்ஞ்சா ரத்தத்துலயே தங்கிடும். ஜனங்களுக்குப் புரியட்டும்னு உப்பு உப்புன்னு சொல்லிச் சொல்லியே எங்களுக்கும் பழகிப்போச்சு. கருவாடு நல்லதில்லதான், ஆனா கருவாட்டால இவ்வளவு ஆகாதுங்க."

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விதிமுறை சொல்லிக்கொடுத்தவள் நான். ஆட்டத்தின் பெயரே தெரியாமல் இரண்டு வாரம் ஆடியிருக்கிறேன். என்மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவள் மேலேயே காட்டினேன். "புரியாத பேரா இருந்தாலும் அந்தப் பேரையே சொல்லுங்க டாக்டர். புரியுத வரைக்கும் கேட்டுக்கிடுதோம். இந்த ஊர்க்காரங்ககிட்ட வந்து உப்புன்னா நாங்க எத நெனைப்போம்?"

அவள் கோபப்படவில்லை. தப்புதான் என்றாள். அப்புறம் மெதுவாக ஒன்று சொன்னாள். "டிரிப் போட்டும் ஏறுதுன்னா, கெடுக்கற பொருள் ஏதோ இன்னும் உள்ள போயிட்டிருக்குங்க. வீட்டைச் சுத்திப் பாருங்க."

ஜூன் 29, வியாழன்

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். மாடிப்படிக்கு அடியில், கொல்லையில், பழைய பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால். எலி மருந்து இல்லை. எலியும் இல்லை. இவரும் உதவிக்கு வந்தார். குனிய முடியாமல் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இவருக்கு செட் தீர்ந்துவிட்டது என்று மெடிக்கலுக்குப் போய்வந்தேன். இப்போதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

பரணிலிருந்து உப்பு ஜாடியை இறக்கினேன். மரியநேசம் வீட்டுக் கதவு மூடியிருந்தது. மூடியே இருக்கட்டும்.

ஜூலை 1, சனி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் இவர் வழக்கம்போல மக்ரூன் கொடுத்தார். சுக்கான் வாங்கிக்கொண்டு தன் சாக்குக்குப் போனான். மென்றான். பிறகு துப்பினான். மக்ரூனையும் துப்புகிற நாள் வந்துவிட்டதா? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைத் தூளுக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துண்டு கிடந்தது. மாத்திரை. பாதி மாத்திரை.

அந்த ஆரஞ்சை எனக்குத் தெரியும். மெடிக்கலில் 'முட்டிக்கு ஒரு செட்' என்றால் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். ஒரு வெள்ளை, ஒரு ஆரஞ்சு, சின்னதாக ஒரு மஞ்சள். சீட்டும் இல்லை, பெயரும் இல்லை. எத்தனையோ வருடமாக வாங்கி வருகிறவள் நான்தான்.

உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "இது என்ன?"

இவர் பார்த்தார். மறைக்கவில்லை, அதுதான் இந்த மனுஷன். "அவனுக்குத்தான். அரைதான் குடுப்பேன். மக்ரூனக் கவுத்து அடியில குழி தோண்டி வச்சுக் குடுப்பேன், இல்லன்னா துப்பிருவான்."

"எதுக்கு?"

"பின்னங்கால இழுத்துக்கிட்டு நடந்தாம்லா. என் முட்டி மாதிரிதான் அவனுக்கும். எனக்குக் கேக்குத மாத்திர அவனுக்குக் கேக்காதாளா? குடுத்த மறுநாளே மாமரம் வரைக்கும் ஓடினான். நீயும் பாத்தியே."

பார்த்தேன். ஈஸ்டருக்கு முன்னால். கிழட்டு நாய்க்குக் குஷியைப் பார் என்று சிரித்தேன்.

"டாக்டர் கேட்டாங்க. மனுஷ மாத்திர குடுத்தீங்களான்னு என்கிட்ட கேட்டாங்க. நாங்க என்ன பைத்தியமான்னு சொல்லிட்டு வந்தேன்."

அப்போதுதான் இவருக்கு விளங்கியது. விளங்குவதை நான் நின்று பார்த்தேன். முகம் அப்படியே சரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி விடவில்லை. நாற்காலியிலிருந்து தரையில் இறங்கி, கையை ஊன்றி ஊன்றிச் சாக்கு வரைக்கும் போனார். "ஏலே, நானா? நானா ஒன்னயக் கொல்லுதேன்?" என்று அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். சுக்கான் அவர் காதை நக்கினான்.

அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போல இருந்தது. இரண்டும் செய்யாமல் டிரிப் பாட்டிலை மாட்டினேன்.

ஜூலை 2, ஞாயிறு

பேசிக்கொள்ளவில்லை. டிரிப் போடும்போது மட்டும், "பிடிங்க", "பிடிச்சாச்சு."

ஜூலை 3, திங்கள்

மாத்திரையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கோகிலவாணியிடம் போனோம். இன்று இவரும் படி ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து. நான் கை கொடுக்கவில்லை. தானாக ஏறட்டும் என்று நின்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவருக்கு நன்றாக இருந்திருக்கும். "வலி மாத்திரைங்க இது. நாய் உடம்பு இதைத் தாங்காது. நேரா கிட்னியில போய் அடிக்கும். இனி நிறுத்தியாச்சுல்ல, பாக்கலாம். கொஞ்சம் மீளும். முழுசா மீளாதுங்க."

அப்புறம் பேனாவை வைத்துவிட்டு இவரைப் பார்த்துக் கேட்டாள். "சார், நீங்க தினம் எத்தனை போடறீங்க?"

"காலையில ஒண்ணு. ராத்திரி ஒண்ணு. வலி கூடுனா நடுவுல இன்னொண்ணு."

"எத்தனை வருஷமா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவள் மேசையைச் சுற்றி வந்து தரையில் உட்கார்ந்து, இவர் வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். குழி அப்படியே நின்றது. நிறைய நேரம் நின்றது. செருப்பின் வார் பதிந்த இடத்திலும் ஒரு பள்ளம்.

"நான் மாட்டு டாக்டருங்க. மனுஷங்களுக்கு வைத்தியம் சொல்லக் கூடாது. ஆனா நாளைக்கே நீங்க ரத்தம் பாருங்க."

சொம்பும் கையுமாக அலைகிறார். வாயெல்லாம் இரும்பு. தட்டைத் தள்ளி வைக்கிறார். நாய்க்கு ஒன்று விடாமல் குறித்து வைத்தேன். அந்தச் செருப்பைக் கல்லில் வைத்துத் தட்டியதும் நான்தான். இதற்கு மேல் இன்று எழுத மாட்டேன்.

ஜூலை 5, புதன்

வர மாட்டாராம்.

"அவனக் கெடுத்ததுக்கு எனக்கும் கெடட்டும்."

"கணக்கு நேர் பண்ணுதீகளோ? நீங்க செத்தா அவனுக்குக் கிட்னி மொளச்சிருமா?"

"அவன் பொழைக்கட்டும். பெறகு பாக்கலாம்."

கெஞ்சினேன். நான் கெஞ்சியதை இந்த டைரி மட்டும்தான் அறியும். அசையவில்லை. பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். தண்டனை என்று பெயர் வைத்துக்கொண்டால் பயத்துக்குக் கொஞ்சம் மரியாதை வருகிறது, அவ்வளவுதான்.

சரி. செட் கிடையாது, அதை நான் நிறுத்திவிட்டேன். மெடிக்கலில் போய், இனி என் புருஷனுக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் கடை வாசலில் வந்து உட்கார்ந்து விசில் ஊதுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்தார்கள். கழுத்தில் விசிலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 10, திங்கள்

ஐந்து புள்ளி மூன்று! இறங்கியிருக்கிறது. கோகிலவாணி கைதட்டினாள். நான் விசில் ஊதினேன், ஆஸ்பத்திரிக்குள்ளேயே. பூனையோடு வந்திருந்த ஒருவர் முறைத்தார். முறைக்கட்டும்.

காலையில் சுக்கான் கஞ்சி குடித்தான். என் கையால்.

இவருக்கு வலி அதிகம். மாத்திரை இல்லாமல் முனகுகிறார். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம், காலை நீட்டி மடக்கும் பயிற்சி. ஊதினால் தூக்க வேண்டும், மறுபடி ஊதினால் இறக்க வேண்டும். "நான் ஒன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாளா?" என்றார். "அவ்வளவு நல்லா செய்யல நீங்க" என்றேன். கொஞ்சம் சிரித்தார். அவன் பிழைத்தால் பார்க்கலாம் என்றீர்களே, இறங்கிவிட்டதே, வாருங்கள் என்றேன். சிரிப்பு போய்விட்டது. இன்னும் இறங்கட்டுமாம்.

மரியநேசம் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவளிடம், "அது கருவாடு இல்ல. எங்க வீட்டு மாத்திரதான்" என்றேன். மன்னிப்பு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றுகொண்டது. அவளே, "உள்ள வாங்கக்கா, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். நான் ஒழுங்காகச் செய்ய வேண்டியதை அவள் செய்துவிட்டாள். காப்பியை முழுவதும் குடித்தேன். எனக்குக் காப்பி பிடிக்காது.

ஜூலை 14, வெள்ளி

இவரைக் கேட்காமலே லேப்புக்குப் போன் செய்து வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கச் சொன்னேன். ஓர் அம்மா வந்தார், பெட்டியும் கையுமாக. இவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம்னு இவகிட்டச் சொல்லியாச்சு. நீங்க போயிட்டு வாங்கம்மா."

"ஒரு நிமிஷ வேலை சார்."

"வேண்டாம்னா வேண்டாம்."

நான் வாயைத் திறக்கப்போனேன். அந்த அம்மா அதற்குள் பெட்டியைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் ஊற்றிவிட்டார். அந்த வாடை அறை முழுக்கப் பரவியது.

சுக்கான் சாக்கிலிருந்து எழுந்தான். பின்னங்காலை இழுத்துக்கொண்டு மெதுவாக வந்தான். பேப்பருக்கு அடியில் தலையைக் கொடுத்து நுழைந்து, இவருடைய இரண்டு முட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தான். இடது முன்னங்காலைத் தூக்கி இவர் மடியில் வைத்தான். மயிர் மழித்த இடம் தெரிந்தது, பழைய ஊசிப் புள்ளிகளும் தெரிந்தன. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தான்.

பேப்பர் இறங்கியது.

"ஒனக்கு இல்லலே." இவர் அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்தார். அவன் மறுபடி தூக்கி வைத்தான். "ஒனக்கு இல்லலே மக்கா... ஒனக்குப் போதும்."

மறுபடியும் கீழே வைத்தார். மறுபடியும் வைத்தான்.

இவர் அந்த மழித்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றினார். அவன் காலுக்குப் பக்கத்தில், தன் மடியிலேயே கையை நீட்டி வைத்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எடுங்கம்மா" என்றார்.

எடுத்து முடிந்ததும்தான் சுக்கான் காலை வாங்கிக்கொண்டான். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகைச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று இல்லை. கேட்டால் இரண்டு பேரும் எழுந்து வருவார்கள், இரண்டு பேருக்கும் கால் வலிக்கும்.

ஜூலை 17, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி, கிட்னி டாக்டர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட இப்படிப் பிடிக்கவில்லை.

"உப்பு கொஞ்சம் ஏறியிருக்கும்மா. மூணு புள்ளி..."

"டாக்டர்."

அவர் நிமிர்ந்தார்.

"அது உப்பு இல்ல. நாங்க தூத்துக்குடிக்காரங்க, எங்களுக்கு உப்பு எதுன்னு தெரியும். அதுக்கு ஒரு பேரு இருக்குல்லா. அந்தப் பேரச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை நன்றாகப் பார்த்தார். எதற்கும் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"கிரியேட்டினின்," என்றார். "மூணு புள்ளி ரெண்டு."

"இப்பச் சொல்லுங்க."

எல்லாவற்றையும் கேட்டேன், புரிகிற வரைக்கும் கேட்டேன். வெளியே வரிசை நீண்டது. பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் இனி அந்த மாத்திரை தொடாமல், பிரஷரைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டால், இருப்பதைக் காப்பாற்றி வெகுகாலம் ஓட்டலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டி வந்திருக்கும். என்ன பார்த்து இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்று கேட்டார்.

"எங்க நாய்க்குப் பாத்தோம்," என்றார் இவர்.

ஜூலை 26, புதன்

மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். தெருவெல்லாம் சீரியல் பல்பு. எங்கள் வீட்டு மாதா இன்னும் தரையில்தான் சாய்ந்து நிற்கிறாள். ஆணியில் டிரிப் பாட்டில். திருவிழா முடிந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

சுக்கானுக்கு நாலு புள்ளி ஒன்று. இதற்குக் கீழே இறங்காதாம். எத்தனை நாள் என்று கோகிலவாணியிடம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

காலையில் மூவரும் நடந்தோம். நான் முன்னால், விசிலோடு. பின்னால் இவர் வலது காலை இழுத்துக்கொண்டு. அதற்கும் பின்னால் அவன் இடது காலை இழுத்துக்கொண்டு. தெருமுனையில் யாரோ சிரித்தார்கள். நின்று, திரும்பி, ஒரு நீள விசில் ஊதினேன். சிரிப்பு நின்றது.

சாயங்காலம் மரியநேசம் மக்ரூன் வாங்கி வந்தாள். ஒரு துண்டு கொடுக்கலாம் என்று கோகிலவாணி சொல்லியிருக்கிறாள். இவர் ஒன்றை எடுத்து நீட்டினார். சுக்கான் மோந்து பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. இவரைப் பார்த்தான்.

இவர் மக்ரூனைக் கவிழ்த்தார். இரண்டாக உடைத்தார். உள்ளங்கையில் வைத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று அவன் மூக்குக்கு நேரே காட்டினார்.

அவன் நிதானமாகப் பார்த்தான். அப்புறம் தின்றான்.